கருப்பு வெள்ளைப் படங்களை நாமே அச்சிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது அவர்களே எடுக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு பிரிண்ட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவார்கள். பச்சை அடிக்கிறது, கருப்பு அப்பிவிட்டது, ஸ்கிரீனில் இருப்பது பேப்பரில் வரவில்லை: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

1. கருப்பு வெள்ளை தானே, கருப்பு மை மட்டும் இருந்தா போதாதா?

எழுத்துக்குப் போதும், படத்துக்குப் போதாது. கருப்பு மை மட்டும் இருந்தால், வெளிர் சாம்பலைக் காட்டப் பிரிண்டருக்கு ஒரே வழிதான்: கருப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பது. வேட்டி மடிப்பு, வெளுத்த வானம், நரைத்த தாடி போன்ற இடங்களில் அந்தப் புள்ளிகள் மிளகுத்தூள் தூவியது போலத் தெரியும். பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்றை வைத்து வானப்பகுதியைப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிவிடலாம்.

சாம்பல் மை இருந்தால் அதே இடத்தில் மென்மையான புள்ளிகள் நெருக்கமாக விழும். கண் அவற்றைப் பிரித்துப் பார்க்காது. எப்சன் 2005-இல் கொண்டுவந்த கே3 மைத் தொகுப்பின் பெயரில் உள்ள 3, மூன்று அடர்த்தியில் வரும் கருப்பைக் குறிக்கிறது. வீட்டிலும் சிறு ஸ்டுடியோவிலும் நல்ல கருப்பு வெள்ளை பிரிண்ட் எடுப்பது அதற்குப் பிறகு நிஜமாகவே சுலபமாயிற்று.

2. என்கிட்ட ஆறு கலர் டேங்க் பிரிண்டர் இருக்கு அண்ணா. அதுல வருமா?

வரும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எப்சன் எல்8050, எல்18050 இரண்டிலும் கருப்பு, சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என ஆறு மைகள். சாம்பல் கிடையாது. நிற மைகளைச் சரியான விகிதத்தில் கலந்து, இருண்ட இடங்களில் கருப்பைச் சேர்த்துச் சாம்பலை உண்டாக்குகிறது. அந்த விகிதம் துளி நகர்ந்தாலும் படம் முழுக்க ஒரு நிறம் தட்டும். கலர் படத்தில் அதே நகர்வை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

எப்சன் எல்8180, கேனான் ஜி570, ஜி670 ஆகியவற்றில் சாம்பலுக்கென்று ஒரு டேங்க் இருக்கிறது. புதிதாக வாங்குபவர், கருப்பு வெள்ளையே அதிகம் எடுப்பவர் என்றால் அந்த ஒரு டேங்குக்காகவே இவற்றைப் பார்க்கலாம். எப்சன் பி700, பி900, கேனான் ப்ரோ-1000 ஆகியவற்றில் இரண்டு சாம்பல் மைகள் உண்டு, எல்லாமே பிக்மென்ட். விலை வேறு உலகம். ஏற்கெனவே ஆறு கலர் பிரிண்டர் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு ஓட வேண்டாம். 7-ஆம் கேள்வியில் உள்ளதைச் செய்து பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

3. டை இங்க், பிக்மென்ட் இங்க், எது நல்லது?

டை என்பது தண்ணீரில் உப்புப் போல முழுக்கக் கரைந்த சாயம். பேப்பரின் மேல்பூச்சுக்குள் இறங்கிவிடும். பளபளப்புப் பேப்பரில் ஆழமான கருப்பும் சீரான மினுமினுப்பும் கிடைக்கும். ஆனால் வெயிலும், காற்றில் உள்ள ஓசோனும் அதைச் சீக்கிரம் அரிக்கும். பிக்மென்ட் என்பது கரையாத நுண்துகள். பேப்பரின் மேலேயே தங்கும், நிறம் நெடுநாள் நிற்கும், பருத்தி இழைப் பேப்பரில் டையைவிட நல்ல கருப்பு தரும். கருப்பு பிக்மென்ட்டில் இருப்பது கார்பன், அதாவது விளக்குக் கரியின் உறவு. அது எளிதில் வெளிறாது.

ஆல்பத்துக்குள் போகும் படத்துக்கு டை போதும். சுவரில் தொங்கப் போகிறது, விற்கப் போகிறீர்கள், கண்காட்சிக்குப் போகிறது என்றால் பிக்மென்ட்.

4. இவ்வளவு செட்டிங் இருக்கே, எதுல ஆரம்பிக்கிறது?

செட்டிங்கில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பேப்பர், ஒரு மை என்று முதலில் முடிவு செய்யுங்கள். கேலிபரேஷன், அதாவது மை சரியாக விழும்படி ஒழுங்குசெய்வது, பிரிண்டருக்கு மட்டும் சொந்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிரிண்டர், மை, பேப்பர், டிரைவரில் (கணினியிலிருந்து பிரிண்டரை ஓட்டும் மென்பொருள்) தேர்ந்தெடுத்த பேப்பர் வகை, இந்த நான்கும் சேர்ந்த கூட்டணிக்குச் சொந்தம். ஒன்றை மாற்றினாலும் முதலிலிருந்து வர வேண்டும்.

வாரம் ஒரு பேப்பர் வாங்கிப் பார்ப்பவர் ஒரு வருடம் ஆனாலும் நல்ல பிரிண்ட் எடுப்பதில்லை, நான் பார்த்தவரை. ஒரே பேப்பரில் ஐம்பது தாள் எடுத்தவர், அந்தப் பேப்பர் எங்கே இருளும், எங்கே வெளுக்கும் என்று படத்தைப் பார்த்ததுமே சொல்கிறார். விலை உயர்ந்த கருவிகளை வாங்கும் முன் ஐம்பது தாள் செலவழியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

5. ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கு, பிரிண்ட்ல இருட்டடிச்சு வருது. பிரிண்டர் கோளாறா?

பத்தில் ஒன்பது தடவை ஸ்கிரீன் கோளாறு. கடையிலிருந்து வரும் மானிட்டர் மிக அதிக வெளிச்சத்தில்தான் வரும். அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருத்தினால், இருண்ட படத்தையும் சரியான படம் என்று நம்பிவிடுவீர்கள். பிரிண்ட் வேலைக்கு மானிட்டர் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டிலா வரை இருந்தால் போதும். வண்ண வெப்பநிலை 6500 கெல்வின், காமா 2.2.

அளக்கும் கருவி இல்லையா? நீங்கள் பிரிண்ட் பார்க்கும் விளக்கின் கீழே ஒரு வெள்ளைப் பேப்பரை மானிட்டர் பக்கத்தில் பிடியுங்கள். ஸ்கிரீனில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் நாள் ஸ்கிரீன் செத்துப்போனது போல இருக்கும். இரண்டு நாளில் கண் பழகிவிடும், இருட்டடிக்கும் பிரச்சினையில் பெரும்பகுதி அதோடு தீரும்.

6. கேலிபரேஷன், புரொஃபைல்னு ரெண்டு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. தராசின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது கேலிபரேஷன். அப்படி நிறுத்திய தராசு எந்த எடைக்கு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிய அட்டவணை புரொஃபைல். பிரிண்டரில் முதலாவது, மைகள் படிப்படியாகச் சீராக ஏறும்படி ஒழுங்குசெய்வது. இரண்டாவது, இந்த மையும் பேப்பரும் எந்த எண்ணுக்கு என்ன நிறம் தருகின்றன என்று சொல்லும் ஐசிசி கோப்பு.

நல்ல பேப்பர் நிறுவனங்கள் தங்கள் பேப்பருக்கான ஐசிசி கோப்பைத் தங்கள் தளத்தில் இலவசமாகவே தருகின்றன. குறிப்பிட்ட ஒரு பிரிண்டரில் அதன் சொந்த மையோடு அச்சிட்டு அளந்து எழுதியது அது. வேறு மை ஊற்றிய பிரிண்டருக்கு அது பொருந்தாது. இன்னொன்று, மானிட்டரை அளக்கும் கருவி பேப்பரை அளக்காது. பேப்பருக்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேண்டும், விலையும் பல மடங்கு.

7. அவ்வளவு விலைக்கு மெஷின் வாங்க முடியாது. கண்ணால பார்த்தே கேலிபரேட் பண்ண வழி இருக்கா?

இருக்கிறது, நிறைய தூரம் போகலாம். ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் 21 கட்டங்கள் வரையுங்கள். முதல் கட்டம் 255, அதாவது வெள்ளை. ஒவ்வொரு கட்டத்துக்கும் 5 சதவீதம் இருள் ஏற்றுங்கள்: 242, 230, 217 என்று இறங்கி 13, 0 வரை. ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண். அதன் கீழே இரண்டு சிறு வரிசைகள்: இருளுக்கு 0, 5, 10, 15, 20, 25, 30, வெளிச்சத்துக்கு 255, 252, 250, 247, 245, 242. படம் அச்சிடும் அதே செட்டிங்கில் இதை அச்சிட்டு ஒரு நாள் காயவிடுங்கள்.

மறுநாள் ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். இருள் வரிசையில் எந்தக் கட்டத்தில் முதல்முறையாகக் கருப்பிலிருந்து பிரிகிறது? நான் பயன்படுத்தும் மேட் (பளபளப்பு இல்லாத) பேப்பரில் 15 வரைக்கும் எல்லாம் ஒரே கருப்பு, 20-இல்தான் கோடு தெரிகிறது. அப்படியென்றால் நான் விவரம் தெரிய வேண்டும் என்று நினைக்கும் எதையும் 20-க்குக் கீழே விடக் கூடாது. இந்த எண்ணைப் பிரிண்டர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். வெளிச்ச வரிசையில் 250 பேப்பர் வெள்ளையிலிருந்து பிரிகிறதா பாருங்கள். பிரியவில்லை என்றால் மேகமும் வெள்ளைச் சேலையும் வெறும் பேப்பராகத்தான் வரும்.

பிறகு நடுப்பகுதி. கேமராக் கடையில் கிடைக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டையை, 119 என்ற எண்ணில் தனியாக அச்சிட்ட ஒரு கட்டத்தின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் நெருங்கி இருக்க வேண்டும். கட்டம் இருண்டிருந்தால் கர்வ்ஸில் (வெளிச்சத்தையும் இருளையும் வளைகோட்டால் திருத்தும் கருவி) நடுவை லேசாகத் தூக்கி மறுபடி அச்சிடுங்கள். மூன்று நான்கு சுற்றில் சரியாகும். அந்தக் கர்வை பேப்பரின் பெயரில் சேமித்து, அச்சிடும் முன் கடைசியாக ஏற்றுங்கள். சேமித்த படத்தில் அதைக் கலந்துவிட வேண்டாம், அது பேப்பருக்கான மருந்து.

8. பிரிண்ட் பச்சை அடிக்குது. சில நாள் சிவப்பு தட்டுது. என்ன பண்ணலாம்?

எதையும் திருத்தும் முன் நாசில் செக் எடுங்கள், அதாவது மை தெளிக்கும் நுண்துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைக் கோடுகள். ஒரு நண்பர் முகமெல்லாம் ரோஜா நிறமாக வந்த பிரிண்ட்டோடு வந்தார். இரண்டு வாரமாக கர்வ்ஸில் போராடியிருக்கிறார். நாசில் செக் எடுத்துப் பார்த்தால் வெளிர் சயான் வரிசையில் மூன்று இடத்தில் படிக்கட்டு உடைந்திருந்தது. சயான் குறைந்தால் சாம்பல் சிவக்கும். ஒரே ஒரு கிளீனிங், சாம்பல் திரும்பிவிட்டது. அவர் போட்ட திருத்தங்களை எல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. வெளிர் மைகளின் கோடுகள் வெள்ளைப் பேப்பரில் சரியாகத் தெரியாது, மஞ்சள் சுத்தமாகத் தெரியாது. மொபைல் டார்ச் மேல் நீலக் கண்ணாடித்தாள் கட்டி அடித்தால் மஞ்சள் கோடு கருத்துத் தெரியும்.

நாசில் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், நிறத் திருத்தம் இரண்டு தடவை நடக்கிறதா என்பது. ஃபோட்டோஷாப் புரொஃபைலைப் போட்டு ஒரு தடவை திருத்துகிறது, டிரைவர் தன் பங்குக்கு இன்னொரு தடவை. நிறம் கனத்து, பெரும்பாலும் மெஜந்தா பக்கம் சாயும். இரண்டில் ஒருவர்தான் பொறுப்பேற்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிடம் விட்டால் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். மூன்றாவதாக, டிரைவரில் தேர்ந்தெடுத்த பேப்பர் வகை. பளபளப்புப் பேப்பர் வைத்துவிட்டு சாதாரணப் பேப்பர் என்று தேர்ந்தெடுத்திருந்தால் மையின் அளவே மாறிவிடும்.

9. டிரைவர்ல கிரேஸ்கேல் டிக் பண்ணணுமா, கலர்லயே விடணுமா?

மாடலைப் பொறுத்தது. எப்சன் பி வரிசையில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் வைட் என்ற தனி முறை இருக்கிறது. கேனான் ப்ரோ வரிசையிலும் பிளாக் அண்ட் வைட் ஃபோட்டோ என்று உண்டு. இவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பெரும்பகுதியைக் கருப்பு, சாம்பல் மைகளாலேயே அச்சிட்டு, நிற மையைச் சாயல் சரிசெய்ய மட்டும் துளி சேர்க்கும். துளியாவது ஏன் வேண்டும் என்றால், தனிக் கார்பன் லேசான பழுப்பாகத்தான் இருக்கும், நடுநிலைச் சாம்பலாக இருக்காது.

ஆறு கலர் டேங்க் பிரிண்டரில் உள்ள கிரேஸ்கேல் வேறு விஷயம். 7-இல் சொன்ன 21 கட்டத்தை இரண்டு வழியிலும் அச்சிட்டுப் பாருங்கள்: கிரேஸ்கேல் போட்டு ஒன்று, ஐசிசி புரொஃபைலோடு கலராக ஒன்று. எதில் படிகள் சீராக ஏறுகின்றன, எதில் வெளிச்சப் பகுதியில் புள்ளி தெரியவில்லை என்று கண்ணே சொல்லிவிடும். நான் கலர் வழியைத்தான் பெரும்பாலும் எடுக்கிறேன்.

10. ஃபைலை கிரேஸ்கேல் மோடுக்கு மாத்திடலாமா?

ஆர்ஜிபியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிரேஸ்கேலுக்கு மாற்றும்போது டாட் கெயின் 20 சதவீதம் என்ற புரொஃபைலில் போய் உட்கார்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அது ஆஃப்செட் அச்சகத்துக்கானது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் கிரே காமா 2.2. திருத்தும் வேலையை 16 பிட்டில் செய்யுங்கள். 8 பிட் ஜேபெக்கில் வானத்தை இழுத்துத் திருத்தினால் பட்டை பட்டையாக உடையும், கலர் படத்தைவிடக் கருப்பு வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும்.

11. வீட்ல பார்த்தா நல்ல சாம்பல், கடைக்குக் கொண்டுபோனா பச்சையா தெரியுது. எப்படி?

பிரிண்ட் மாறவில்லை, விளக்கு மாறியிருக்கிறது. நிற மைகளைக் கலந்து உண்டாக்கிய சாம்பல் ஒரு வெளிச்சத்தில் நடுநிலையாகவும் இன்னொன்றில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். பழைய டியூப் லைட்டிலும் மலிவான எல்இடியிலும் சில நிறங்கள் குறைச்சலாக இருப்பதுதான் காரணம். சாம்பல் மை அதிகமாகவும் நிற மை குறைவாகவும் இருந்தால் இந்த ஆட்டம் குறையும். 9-இல் சொன்ன தனி முறையின் பெரிய லாபமே இதுதான்.

ஆறு கலர் பிரிண்டர்காரர்களுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, படத்துக்கு வேண்டுமென்றே லேசான பழுப்புச் சாயல் கொடுப்பது. சுத்தச் சாம்பலில் துளி பச்சையைக்கூடக் கண் பிடித்துவிடும். பழுப்பு கலந்த சாம்பலில் அதே பச்சை தெரியாது. பழைய ஸ்டுடியோ படம் போலச் செம்பழுப்பு வேண்டாம், பழுத்த காகிதம் அளவுக்குப் போதும். பிரிண்ட்டை மதிப்பிட ஒரே விளக்கை வைத்துக்கொள்ளுங்கள்: 5000 கெல்வின், சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண்) 90-க்கு மேல். கடையில் எல்இடி வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ எண்ணைத் தேடிப் பாருங்கள்.

12. எந்த பேப்பர் வாங்கலாம்? 180 ஜிஎஸ்எம் கிளாஸி போதுமா?

ஸ்டேஷனரிக் கடையில் கட்டாகக் கிடைக்கும் மலிவான கிளாஸி பெரும்பாலும் சாதாரணப் பேப்பர் மேல் பூச்சுப் பூசியது. மை ஊறி அலை அலையாக வளையும், கருப்பும் மங்கும். ஆர்சி என்று எழுதியிருக்கும் பேப்பரில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, 240 முதல் 270 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை கிடைக்கும். டை மைக்கு நான் சொல்வது ஆர்சி லஸ்டர் அல்லது சாட்டின். கிளாஸி அளவுக்குக் கண்ணில் அடிக்காது, விரல் பட்டாலும் ரேகை பதியாது.

பிக்மென்ட் வைத்திருந்தால் பரைட்டா பேப்பரை ஒரு தடவையாவது பாருங்கள். ஃபிலிம் காலத்து டார்க் ரூமில் பயன்படுத்திய ஃபைபர் பேப்பரில் இருந்த அதே பேரியம் சல்பேட் அடுக்கு இதிலும் உண்டு. பருத்தி மேட் பேப்பர்களில் ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் பலருக்கும் தெரிந்தது. கண்ணைக் கூசும் வெண்மை உள்ள பேப்பரில் வெண்மை கூட்டும் ரசாயனம் அதிகம் இருக்கும், காலப்போக்கில் அது வலுவிழந்து பேப்பர் மஞ்சளாகும்.

13. மேட் பேப்பர்ல கருப்பு கருப்பா வரமாட்டேங்குது. அடர் சாம்பல் மாதிரி இருக்கே?

மேட்டின் இயல்பு அது. கருப்பின் ஆழத்தை அடர்த்தி எண்ணால் அளப்பார்கள். நல்ல பளபளப்புப் பேப்பரில் 2.3-ஐத் தொடலாம், மேட்டில் 1.6 அல்லது 1.7 கிடைத்தால் சந்தோஷப்படலாம். 2.3 என்றால் விழும் வெளிச்சத்தில் அரை சதவீதம் மட்டும் திரும்புகிறது. 1.6 என்றால் இரண்டரை சதவீதம், ஐந்து மடங்கு. மேட்டின் சொரசொரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் கருப்பு மேல் ஒரு மெல்லிய திரை படிகிறது.

பிக்மென்ட் பிரிண்டராக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதில் ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக் என்று இரண்டு கருப்புகள் உண்டு. மேட் பேப்பருக்கு ஃபோட்டோ பிளாக் போனால் கருப்பு இன்னும் வெளுக்கும். மேட் பிளாக் பளபளப்புப் பேப்பரில் விழுந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். டிரைவரில் பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் தானே மாற்றிக்கொள்ளும். பி800 போன்ற மாடல்களில் இரண்டுக்கும் ஒரே குழாய் வழி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மை வீணாகும். பி700, பி900-இல் இரண்டுக்கும் தனி வழி.

14. கருத்த முகம் எடுத்தா பிரிண்ட்ல அப்பிக்குது. முகத்தை ஏத்துனா படமே வெளுத்துடுது. என்ன செய்ய?

நம் ஊர் முகங்களை அச்சிடுபவர் கட்டாயம் தீர்க்க வேண்டிய கேள்வி இது. ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த வயதான உழவரின் முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படாத கன்னம் கோப்பில் 30-க்கும் 60-க்கும் இடையில்தான் இருக்கும். கண் குழி, கழுத்துச் சுருக்கம் எல்லாம் 15, 20. என் மேட் பேப்பரில் 20-இல்தான் கருப்பே பிரிகிறது என்று 7-இல் சொன்னேன். ஸ்கிரீனில் அழகாகத் தெரிந்த சுருக்கம் பேப்பரில் மறைவதில் ஆச்சரியம் இல்லை.

படம் முழுவதையும் தூக்காதீர்கள். முகத்தை வெள்ளையாக்குவதும் தீர்வு இல்லை. அந்தக் கருமையின் மினுமினுப்பும் ஆழமும்தான் அந்த முகம். செய்ய வேண்டியது, இருண்ட எண்களுக்குள் இடைவெளியைக் கூட்டுவது. முகத்தை மட்டும் மாஸ்க் செய்து, கர்வ்ஸில் 20 இருக்கும் இடத்தை 28-க்கும், 60-ஐ 75-க்கும் கொண்டுபோங்கள். 120-க்கு மேல் கை வைக்க வேண்டாம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் வெளிச்சம் அப்படியே நிற்கும், கன்னத்தில் தசை தெரிய ஆரம்பிக்கும். பின்னணி முகத்தைவிட ஒரு படி இருண்டோ வெளுத்தோ பிரிந்து நிற்கட்டும். இரண்டும் ஒரே சாம்பலாக இருந்தால் எந்த மையும் உதவாது.

அப்புறம், முழுப் படத்தையும் அச்சிட்டுப் பார்க்காதீர்கள். டார்க் ரூமில் டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுப்பார்களே, அதையே இங்கும் செய்யுங்கள். கண்ணும் கன்னமும் வரும்படி இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, ஐந்து விதமான கர்வோடு ஒரே ஏ4 தாளில் அடுக்குங்கள். காய்ந்த பிறகு கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் துண்டு அந்த மனிதர் என்று தெரிந்துவிடும்.

15. கம்பெனி இங்க் விலை அதிகம். லோக்கல் இங்க் ஊத்தலாமா?

பழகுவதற்கு ஊற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கும் படத்துக்கு வேண்டாம். நான் ஒரு தடவை மலிவான பாட்டில்களை வாங்கி ஊற்றினேன். உறவினர் ஒருவரின் அம்மா இறந்து, பழைய ஸ்டுடியோப் படத்தை ஸ்கேன் செய்து குடும்பத்துக்கு 16 பிரிண்ட் கேட்டிருந்தார்கள். எடுத்த அன்று நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு வீட்டுக்குப் போனபோது, ஹாலில் மாலையோடு தொங்கிய படத்தில் அந்த அம்மாவின் முகம் பச்சை பூத்திருந்தது. மெஜந்தா முதலில் வெளிறிவிட்டது, மிச்சம் இருந்தது பச்சை. பதினாறையும் நல்ல மையில் மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

லோக்கல் மையில் இன்னொரு சிக்கல், ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் சாயல் மாறுவது. 7-இல் சேமித்த கர்வ் அடுத்த பாட்டிலுக்குப் பொருந்தாமல் போகும். 70 மில்லி பாட்டிலில் மிச்சம் பிடிக்கும் காசு, வீணாகும் தாளிலேயே போய்விடும்.

16. எல்லா டேங்க்லயும் சாம்பல் மையே ஊத்திட்டா?

அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அருமையான பிரிண்ட் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கோன் உருவாக்கிய பீஸோகிராஃபி அப்படிப்பட்ட முறை. நிற மைகளின் இடத்தில் வெவ்வேறு அடர்த்தியில் கார்பன் மைகள். ஆனால் வழக்கமான டிரைவருக்கு அந்த மைகளை எப்படி ஓட்டுவது என்று தெரியாது. ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் போன்ற மென்பொருள் வேண்டும். ஒவ்வொரு நாசில் வரிசைக்கும் எவ்வளவு மை என்று நாமே சொல்ல அது வழிவிடுகிறது.

இரண்டாவது பிரிண்டர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்க முடிந்தால் இறங்குங்கள். உங்கள் மாடலை அந்த மென்பொருள் ஆதரிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருக்கும் ஒரே பிரிண்டரில் இதைச் செய்தால் கலர் படமே எடுக்க முடியாது, திரும்பி வருவதும் லேசான வேலை இல்லை.

17. கலர் லேப்ல குடுத்தா முடிஞ்சுது, எதுக்கு இவ்வளவு?

லேபில் படத்தை ஒளியால் கலர் பேப்பரில் பதித்துக் கெமிக்கலில் கழுவுகிறார்கள். அங்கேயும் சாம்பல் என்பது சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்களின் கலவைதான். கெமிக்கல் அன்று எப்படி இருக்கிறதோ அப்படி நிறம் தட்டும். நல்ல லேப் கிடைத்தால் விடாதீர்கள். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் கோப்பைக் கொடுங்கள், ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், முதலில் 7-இல் உள்ள 21 கட்டத்தை ஒரு சிறு பிரிண்ட்டாக எடுத்துப் பாருங்கள்.

18. பிரிண்ட்டைச் சாய்ச்சுப் பார்த்தா கருப்பு செம்பு மாதிரி மினுங்குது. இது என்ன?

பிரான்சிங் என்பார்கள். பிக்மென்ட் துகள்கள் பளபளப்புப் பேப்பரின் மேலே உட்கார்ந்திருப்பதால், அவற்றின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிறம் மாறித் தெரிகிறது. மை விழாத வெள்ளையும் மை விழுந்த கருப்பும் வேறு வேறு மினுமினுப்பில் இருப்பது இதன் தம்பி. கேனான் ப்ரோ வரிசையின் பிக்மென்ட் மாடல்களில் குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற பூச்சு இதற்காகவே இருக்கிறது. இல்லாதவர்கள் லஸ்டர், பரைட்டா அல்லது மேட்டுக்குப் போகலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் போனபின் பெரும்பாலும் தெரியாது. டை மையில் இந்தத் தொல்லை அரிது.

19. சுவர்ல மாட்டுனா எவ்வளவு வருஷம் தாங்கும்?

வருடக் கணக்கை மையும் பேப்பரும் மட்டும் தீர்மானிப்பதில்லை, மாட்டும் இடமும் தீர்மானிக்கும். அச்சிட்ட பின் 24 மணி நேரம் திறந்து காயவிடுங்கள். உடனே சட்டம் போட்டால் மையில் உள்ள ஈரமும் கரைப்பானும் மெல்ல வெளியேறிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி போலப் படியும். பிரிண்ட் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

இறந்தவர்களின் படத்தை ஹாலில் வாசலைப் பார்த்து மாட்டுவது நம் வழக்கம். அந்தச் சுவரில் காலை வெயில் நேராக விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பொட்டும் சந்தனமும் கண்ணாடி மேலேயே இருக்கட்டும். கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

20. மாசத்துக்கு ரெண்டு படம்தான் எடுக்கிறேன். நாசில் அடைச்சுக்காம எப்படிப் பார்த்துக்கறது?

வாரம் ஒரு முறை நாசில் செக் ஒரு தாள். அவ்வளவுதான். பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனில் அணையுங்கள், சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். ஏசி அறையின் வறண்ட காற்று மையைக் காயவைக்கும். அடைத்தால் இரண்டு கிளீனிங் போட்டுவிட்டுச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள், ஊறித் தானே திறப்பதும் உண்டு. ஐந்து ஆறு என்று தொடர்ந்து போட்டால் கழிவு மைப் பெட்டிதான் நிறையும்.

21. ஆறு மாசம் முன்னாடி வித்த பிரிண்ட்டை அதே மாதிரி இன்னொன்னு கேக்கறாங்க. அச்சு அசலா வருமா?

அன்றைக்கே தயாராக இருந்திருந்தால் வரும். விற்கும் படம் ஒவ்வொன்றுக்கும் நான் மூன்று விஷயம் எடுத்து வைக்கிறேன்: அச்சிட்ட கோப்பு, எல்லா செட்டிங்கும் எழுதிய ஒரு சீட்டு, அதே நாளில் அதே பேப்பரில் அச்சிட்ட 21 கட்டத் துண்டு. மூன்றையும் கருப்பு உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடுவேன்.

மறுபடி கேட்கும்போது முதலில் புதிதாக ஒரு 21 கட்டம். காய்ந்ததும் பழைய துண்டைப் பக்கத்தில் வைத்து, 5000 கெல்வின் விளக்கில் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடுவேன். ஒன்றாக இருந்தால் கோப்பை அப்படியே அனுப்பலாம். வேறுபட்டால் முதலில் நாசில், பிறகு பேப்பர் பெட்டியின் பேட்ச் எண், பிறகு எந்த பாட்டில் எப்போது மாற்றினோம் என்று அந்த வரிசையில் தேடுங்கள். பாட்டில் திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதும் பழக்கம் இருந்தால் தேடல் ஐந்து நிமிடத்தில் முடியும்.